அந்தமானில் எந்தத் தீவு? காடும் கடலும் உயிரினமும் தேடிப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தேனிலவுப் பொதிகள் (பேக்கேஜ்) பற்றியும் செல்லுலார் சிறை பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நடக்க, நீந்த, மலையேற, பறவையோ ஆமையோ பார்க்கப் போகிறவர்களுக்கு. பெயர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை: ஹாவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும். ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான் வரும். இங்கும் பழைய பெயரையே எழுதுகிறேன்.

கையில் நான்கு நாள்தான் இருக்கிறது. ஒரே ஒரு தீவு என்றால் எது?

ஹாவ்லாக். கூட்டம், விலை என்று எத்தனை குறை சொன்னாலும், நான்கு நாளில் நல்ல பவளப்பாறை, காட்டு நடை, கயாக், நீண்ட மணற்கரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான்.

ஏழெட்டு நாள் இருந்து, உயிரினம் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் என் பதில் மாறிவிடும். அப்போது வடக்கே டிக்லிப்பூர்.

காடு அடர்த்தி என்கிறார்கள். யானை, சிறுத்தை எல்லாம் பார்க்கலாமா?

முதுமலை மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, குரங்குகூட அந்தமான் காட்டில் இயல்பாகக் கிடையாது. நீள்வால் குரங்கு நிக்கோபார்ப் பக்கத்து விலங்கு. இந்தத் தீவுகள் நடுக்கடலில் தனித்துக் கிடப்பவை. நீந்தியோ பறந்தோ மிதந்தோ வந்து சேர முடிந்தவைதான் இங்கே பெருகின. இயல்பான பாலூட்டிகள் என்றால் வௌவால், மூஞ்சூறு, எலி வகைகள், ஒரு மரநாய், காட்டுப்பன்றி என்று பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும்.

புள்ளிமான் கண்ணில் படும். அது பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்ன விலங்கு இல்லாததால் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. யானையும் வந்தேறிதான்: மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டவை. 1962-இல் ஒரு மரக் கம்பெனி நொடித்துப்போனபோது சுமார் 40 யானைகளை இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டார்கள். அவற்றின் வாரிசுகள் அங்கே காட்டு யானைகளாகத் திரிகின்றன. ஹாவ்லாக் கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானையும் மரம் இழுக்க வந்ததுதான். அது 2016-இல் இறந்துவிட்டது. இன்னும் அந்தப் படத்தைக் காட்டி யாராவது பொதி விற்றால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் என்னதான் இருக்கிறது? வேறெங்கும் இல்லாத பறவைகள், இரவில் கரையேறும் ஆமைகள், பாறையிடுக்கில் சுருண்டு கிடக்கும் கடற்பாம்பு, அப்புறம் தண்ணீருக்கடியில் ஒரு முழு உலகம். விடுதிச் சுவரில் பளீர் பச்சையில், முதுகில் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு பல்லி ஓடும், விரட்டிவிடாதீர்கள். அது அந்தமான் பகல் பல்லி. அதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில், மடகாஸ்கர் பக்கம் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தமானில் பார்க்க வேண்டிய முதல் காட்டுயிர் அந்தப் பல்லிதான், காசும் செலவில்லை.

ஹாவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை தவிர என்ன செய்வது?

எலிஃபண்ட் பீச்சுக்கு நடந்து போங்கள். ஜெட்டியிலிருந்து படகில் போகிறவர்கள்தான் அதிகம். காட்டு வழியாக முக்கால் மணி நேரத்துக்குள் நடந்தும் போய்விடலாம். ஓங்கிய மரங்கள், வேர்ச் சேறு, கடைசியில் சட்டென்று கடல். கரையில் 2004 சுனாமியில் பட்டுப்போன பெருமரங்கள் கிடக்கும். மழை பெய்திருந்தால் வழி வழுக்கும், அட்டை ஏறும். சில நாள் வனத்துறை வழியை மூடிவிடுவதும் உண்டு, காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து சில அடி போனாலே பவளப்பாறை. ஆனால் அது அடிபட்ட பாறை என்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் கடல்நீர் சூடேறி அந்தமானின் ஆழமில்லாத பவளங்கள் பெருமளவு வெளுத்தன. 2016-இலும் அடி விழுந்தது. பழைய படங்களில் பார்த்த வண்ணத்தை எதிர்பார்க்காமல் போனால், மீன்கள் உங்களை ஏமாற்றாது. ஆழத்தில் நிலைமை மேல். தேர்ந்த முக்குளிப்பாளர்கள் தேடிப் போகும் ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற இடங்கள் படகில் போக வேண்டிய தூரத்தில் இருக்கின்றன. அந்த ஜானியும் டிக்சனும் வெள்ளைக்காரர்கள் அல்ல. 1920-களில் பர்மாவிலிருந்து வந்து மத்திய அந்தமானில் குடியேறிய கரேன் இனத்தின் வழிவந்தவர்கள். கடலை வீட்டுக் கொல்லைபோல அறிந்தவர்கள்.

நிலா இல்லாத இரவென்றால் கயாக் ஏற்பாடு செய்யுங்கள். துடுப்பு போடும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மினுங்கும். நுண்ணுயிரிகளின் வேலை. பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஒன்றும் தெரியாது. ஆகவே பயணத் தேதி போடும்போதே பஞ்சாங்கத்தைப் பாருங்கள் என்பேன், சிரிக்காதீர்கள்.

நீச்சலே தெரியாது. ஸ்கூபா செய்யலாமா?

செய்யலாம். அறிமுக முக்குளிப்பு என்று ஒன்று உண்டு. பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டருக்குள் கூட்டிப்போவார். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அல்லது சைனஸ் தொல்லை இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், காதடைப்பு உயிரை வாங்கிவிடும்.

பலர் கோட்டைவிடும் விஷயம் ஒன்று. பல முறை முக்குளித்தவர் அடுத்த 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு முறை என்றாலும் 12 மணி நேர இடைவெளி வேண்டும். அதனால் ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள்.

நீல் தீவுக்கும் ஹாவ்லாக்குக்கும் என்ன வித்தியாசம்?

நீல் சிறியது, தட்டையானது, வயலும் காய்கறித் தோட்டமுமாக இருப்பது. சைக்கிள் எடுத்தால் ஒரே நாளில் முழுத் தீவும் முடிந்துவிடும். சாகசம் என்று பெரிதாக இல்லை. ஆனால் கடல் உள்வாங்கும் நேரத்தில் லட்சுமண்பூரின் இயற்கைப் பாலத்துக்குக் கீழே நடந்தால், பாறைக் குட்டைகளில் கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், நண்டு, குட்டி மீன் எல்லாம் முழங்கால் தண்ணீரில் தெரியும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல கடற்பாடம் இல்லை. நீர் ஏறும் நேரத்தில் போனால் வெறும் கல்தான். ஓத நேரத்தை விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நீலைச் சுற்றிய கடற்புல் திட்டுகளில் ஆவுளியா என்ற கடற்பசு எப்போதாவது தென்படுவதுண்டு. நம் பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது இதே விலங்குக்காகத்தான். அந்தமானின் மாநில விலங்கும் இதுவே. பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள், அவ்வளவு அரிது.

ஆமை முட்டையிடுவதைப் பார்க்க எங்கே போவது?

டிக்லிப்பூருக்கு அருகில் உள்ள காளிப்பூர் கடற்கரை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று இந்தத் தீவுகளில் முட்டையிடும் நான்கு வகையும் வரும் கரை என்று அதற்குப் பெயர். அதிகம் வருவது பங்குனி ஆமை. ஏழுவரி ஆமையைப் பார்த்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

சென்னையில் ஜனவரிக்குப் பிறகு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை நடை போனவர்களுக்கு இது பழகிய வேலைதான்: இருட்டு, மணல், பொறுமை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே கரைக்குப் பின்னால் நகர விளக்கு இல்லை, காடு இருக்கிறது. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. டார்ச், ஃபிளாஷ், செல்போன் வெளிச்சம் எதுவும் கூடாது. வெளிச்சம் பட்டால் ஏறிவந்த ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பணியாளர் அழைக்கும்வரை தள்ளியே நில்லுங்கள். ஓர் இரவு ஒன்றும் வராமல் போகலாம். நான் முதல் இரவு மூன்று மணிவரை உட்கார்ந்து கொசுக்கடி மட்டும் வாங்கினேன். மறுநாள் எட்டரைக்கே ஒன்று வந்தது. அதனால் காளிப்பூரில் குறைந்தது மூன்று இரவு.

சாடில் பீக் ஏறுவது கஷ்டமா?

உயரம் 732 மீட்டர்தான். அந்தமானின் உச்சி அதுவே. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடல்மட்டத்தில் லாமியா பே கரையிலிருந்து தொடங்கி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போக வேண்டும், அதையே திரும்பியும் நடக்க வேண்டும். முதல் பகுதி கடலோரமாகச் சுகமாகப் போகும். அப்புறம் மழைக்காட்டுக்குள் செங்குத்து. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். நுழைவு அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு, விடிந்ததும் கிளம்பினால் மாலைக்குள் திரும்பலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மேகம் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். காட்சிக்காக மட்டும் ஏறுகிறவர்கள் யோசித்துக்கொள்ளலாம். காட்டுக்காக ஏறுகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

டிக்லிப்பூரில் இறங்கியவர்கள் ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளையும் பார்ப்பார்கள். நடுவே ஒரு மணல்திட்டு, நீர் வற்றும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்கலாம். அழகு, மறுப்பதற்கில்லை. போர்ட் பிளேருக்கு எதிரே மான்களும் மயில்களும் இடிபாடுகளுமாக இருக்கும் ராஸ் தீவு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அருகில் சாலீஸ் ஏக் என்று குகைக் கூட்டம் இருக்கிறது. தன் எச்சிலாலேயே கூடு கட்டும் உழவாரன் பறவை அங்கே வாழ்கிறது. அந்தக் கூட்டைச் சூப் வைக்க விலை கொடுத்து வாங்குவதால் திருட்டு தலைவிரித்தாடியது. கோவை ஆனைக்கட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையமும் வனத்துறையும் சேர்ந்து, கூடு எடுத்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்களையே காவலர்களாக அமர்த்தி அவற்றைக் காத்தார்கள்.

டிக்லிப்பூருக்கு எப்படிப் போவது? சாலை வழியாகப் போனால் ஜராவா மக்களைப் பார்க்கலாமாமே?

போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் பெருஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். விடியலுக்கு முன்பே பஸ் கிளம்பும், போய்ச் சேர்வதற்குள் பகல் முடிந்துவிடும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளும் நின்று, குறிப்பிட்ட நேரத்தில் வரிசையாகத்தான் விடுவார்கள். அதன் பிறகு ஜராவா பழங்குடியினரின் ஒதுக்கீட்டுப் பகுதி.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு நேராகவே பதில்: அவர்களைப் பார்ப்பதற்காகப் போகாதீர்கள். அது அவர்கள் காடு. அதன் நடுவே சாலை போட்டது நாம். வெளியாட்களோடு அவர்கள் பழகத் தொடங்கியது 1990-களின் இறுதியில்தான். அதைத் தொடர்ந்து அம்மை நோய் பரவியது. 2002-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாலையின் அந்தப் பகுதியை மூடச் சொன்னது, வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் நீட்டுவது எல்லாம் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் குற்றம். ஓட்டுநர் "அதோ பாருங்க சார்" என்று ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வடக்கே போகும் வழியை விசாரியுங்கள். தினமும் இருக்காது.

பாராடாங் ஒரே நாளில் போய்வரத் தகுந்ததா?

அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி, அதே ஜிர்காடாங் வரிசையில் காத்துக் கிடந்து, சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டு ஓடிவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிமலை என்ற சொல்லை நம்பிப் போகிறவர்கள் கொப்பளிக்கும் ஒரு சேற்றுக் குழியைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார்கள். பாராடாங்கின் உண்மையான அழகு குகைக்குப் போகும் படகு வழிதான்: கால்வாய் குறுகிக் குறுகி, இருபுறமும் அலையாத்திக் காட்டு வேர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். பிச்சாவரத்தை ரசித்தவர்கள் இதையும் ரசிப்பார்கள். ஓர் இரவு தங்கினால், பொழுது சாயும் நேரத்தில் கிளித் தீவில் பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்தடைவதைப் பார்க்கலாம். தங்காதவர்களுக்கு அது கிடைக்காது.

பறவை பார்க்க ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

சிடியா டாப்பு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், எந்தக் கப்பலும் ஏற வேண்டாம். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் வால்காக்கை, அந்தமான் கரிச்சான், அந்தமான் செம்போத்து என்று இந்தத் தீவுகளுக்கே உரியவை ஒரு காலைப் பொழுதில் கண்ணில் படும். இருட்டிய பிறகு ஆந்தைகளைக் கேட்கவும் அங்கேயே காத்திருப்பார்கள்.

சிப்பிகாட்டிலும் ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல்நீர் ஏறிவிட்டது. விவசாயிகளுக்குப் போனது போனதுதான். அந்தச் சதுப்பில் இன்று அந்தமான் கிளுவை வாத்துகள் நீந்துகின்றன. வடக்கே இதற்கு நேர்மாறு. நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தன.

அலைச்சறுக்கு?

சின்ன அந்தமான். போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே வரை ஆறு முதல் எட்டு மணி நேரக் கப்பல். மார்ச் முதல் மே வரை அலை நன்றாக இருக்கும். பட்லர் பே கரை, காட்டுக்குள் இரண்டு அருவிகள், மலிவான குடில்கள். வசதி குறைவு, கப்பல் எப்போது ரத்தாகும் என்று சொல்ல முடியாது. திரும்பும் விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே இரண்டு நாளாவது விட்டுவையுங்கள். தீவின் ஒரு பகுதி ஓங்கே பழங்குடியினருக்கு உரியது, அங்கே போகக் கூடாது.

பவளம் பார்க்க ஜாலி பாயா, நார்த் பேயா?

ஜாலி பாய். அது மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில், பை எதையும் உள்ளே விடமாட்டார்கள், பையைத் திறந்தே பார்ப்பார்கள். ஆண்டு முழுவதும் திறந்திராது. பாறைக்கு ஓய்வு கொடுக்க, மழைக்காலத்தில் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். வண்டூரில் படகு ஏற வேண்டும். நார்த் பே பழைய இருபது ரூபாய் நோட்டில் இருந்த காட்சி என்ற பெருமையோடு இருக்கட்டும். அங்கே நான் ஏறிய கண்ணாடிப் படகில், மீன் வரவழைக்க பிரெட் துண்டு வீசினார்கள்.

எரிமலைத் தீவு, நார்கொண்டம், நிக்கோபார்?

பேரன் தீவு இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நீண்ட காலம் உறங்கி 1991-இல் மறுபடி கக்கியது. கரையிறங்க முடியாது, கப்பலிலிருந்து பார்க்கலாம். நார்கொண்டம் இருவாச்சிப் பறவை, சுமார் ஏழு சதுர கிலோமீட்டருள்ள அந்த ஒரு தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதைப் படத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வோம். நிக்கோபாரில் பெரும்பகுதி பழங்குடிப் பகுதி, முன்அனுமதி இல்லாமல் முடியாது. இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை அங்கே கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். வெளியாட்கள் யாரும் போகக் கூடாத வட சென்டினல் தீவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. செம்மூக்கு முதலை உப்புத் தண்ணீரிலும் நன்றாக நீந்தும். 2010-இல் ஹாவ்லாக்கில் ராதாநகரை ஒட்டிய கடலில் ஓர் அமெரிக்கப் பெண்மணியை அது கொன்றது. அலையாத்திக் காடு, ஓடை கடலில் கலக்கும் இடம், பொழுது சாய்ந்த நேரம் மூன்றையும் தவிருங்கள். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம்.

எந்த மாதம் போவது?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆமைக்கு ஜனவரி, தண்ணீர்த் தெளிவுக்குப் பிப்ரவரி, மார்ச். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், படகுகள் ரத்தாகும்.

இன்னொன்று. அந்தமான் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் நம்முடையதே. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சாவகாசமாகப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரே பயணத்தில் எத்தனை தீவு?

வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொரு தீவு மாற்றமும் ஜெட்டி, வரிசை, காத்திருப்பு என்று அரை நாளைத் தின்னும். ஆறு நாளில் ஐந்து தீவு என்ற பொதியில் நீங்கள் அதிகம் பார்ப்பது படகின் உட்புறத்தை. பெற்றோரோடு போகிறவர்கள் போர்ட் பிளேர், நீல். நண்பர்களோடு என்றால் ஹாவ்லாக், லாங் தீவு. தனியாகவோ பொறுமையுள்ள துணையோடோ என்றால் டிக்லிப்பூர் மட்டும்.

பேச்சு மொழி, செல்போன்?

பொதுமொழி இந்தி. போர்ட் பிளேரில் தமிழ் தாராளமாகச் செல்லும். வெற்றிமலை முருகன் கோவில் பக்கம் போனால் ஊரில் இருப்பதுபோலவே இருக்கும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் இணையம் தேறிவிட்டது. டிக்லிப்பூர்ப் பக்கம் போகும்போது கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பி, பவளம் எடுத்துவரலாமா?

கூடாது. கரையில் செத்துக் கிடக்கும் பவளத் துண்டுக்கும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். கடைக்காரரிடம் சிப்பிப் பொருள் வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, எல்லோரும் மறப்பது என்ன?

மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, விடியலிலும் மாலையிலும் மணலில் உட்கார்ந்தால் கடிக்கும், சொறிந்தால் ஒரு வாரம் போகாது. காலில் தேங்காய் எண்ணெயை நன்றாகப் பூசிக்கொண்டு, மணலில் அல்லாமல் பாயிலோ மரக்கட்டையிலோ உட்காருங்கள்.